வேலை விளம்பரத்தில் ‘எம்எஸ் ஆபீஸ் தெரிந்திருக்க வேண்டும்’: அந்த வரி உண்மையில் எதைக் கேட்கிறது?

பி.காம். முடித்தாயிற்று. கம்ப்யூட்டர் சென்டரில் டிசிஏ, டேலி இரண்டுக்கும் சான்றிதழ் வாங்கியாயிற்று. ஆனால் ஆடிட்டர் ஆபீஸ் நேர்காணலில் ஒரு எக்செல் கோப்பைத் திறந்து வைத்து, “இந்த ரெண்டு லிஸ்ட்டையும் ஒப்பிட்டு, எது எது விட்டுப்போயிருக்குன்னு சொல்லுங்க” என்றதும் கை நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டின் எந்த ஊரில் கேட்டாலும் இந்தக் கதை கிடைக்கும். “எனக்கு எக்செல் தெரியும்” என்று விண்ணப்பத்தில் எழுதியவர் பொய் சொல்லவில்லை. கேட்டவரும் அநியாயமாக எதையும் கேட்டுவிடவில்லை. இருவரும் ‘எக்செல்’ என்று சொன்னது இரண்டு வெவ்வேறு விஷயங்களை.

சென்டரில் சொல்லித்தருவது பெரும்பாலும் மெனு. ஹோம், இன்சர்ட், பேஜ் லேஅவுட் என்று இடமிருந்து வலமாகப் போய், ஒவ்வொரு பட்டனும் என்ன செய்யும் என்று காட்டுவார்கள். பயிற்சிக்குத் தரும் பட்டியலில் பத்து மாணவர், ஐந்து பாடம், மொத்தம், சராசரி. அந்தப் பட்டியலில் ஒரு பிழைகூட இருக்காது. வேலையிடத்தில் வரும் பட்டியலோ பிழையோடுதான் வரும். இரண்டு இடங்களிலிருந்து வந்த, ஒன்றுக்கொன்று ஒத்துவராத விவரங்களைச் சுத்தம் செய்து ஒரு தொகைக்குக் கொண்டுவர வேண்டும். “இந்தத் தொகை சரி” என்று பொறுப்போடு சொல்ல வேண்டும். சம்பளம் கொடுப்பவர் தேடுவது அந்தத் திறமையைத்தான். அது எப்படி உருவாகிறது, எந்த வேலைக்கு எவ்வளவு தேவை என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

அடிப்படை: செல்லில் இருப்பதும் கண்ணுக்குத் தெரிவதும்

விரிதாள் என்பது கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். அதற்கு ஏ1, பி7 என்று ஒரு முகவரி. ஒரு செல்லில் நேரடியாக ஒரு மதிப்பை எழுதலாம். அல்லது மற்ற செல்களைக் காட்டி ஒரு ஃபார்முலா எழுதலாம். பி2-ல் அளவு, சி2-ல் விலை இருந்தால், டி2-ல் ‘=பி2*சி2’ என்று எழுதுகிறோம். விலை மாறினால் டி2 தானே மாறிக்கொள்ளும். 1979-ல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள்-2 கணினிக்காக உருவாக்கிய விசிகால்க், இந்த ஒரே வசதியால் வணிக உலகைத் திருப்பிப் போட்டது. அதுவரை காகிதத்தில் ஒரு எண் மாறினால், அதைச் சார்ந்த அத்தனை எண்களையும் அழித்து மறுபடி போட வேண்டியிருந்தது. பிறகு 1983-ல் லோட்டஸ் 1-2-3 வந்தது. எக்செல் 1985-ல் முதலில் மேக் கணினிக்கு வந்து, 1987-ல் விண்டோசுக்கு வந்தது.

இதில் புதிதாகக் கற்பவர் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று: செல்லுக்குள் இருக்கும் மதிப்பு வேறு, திரையில் தெரியும் தோற்றம் வேறு. வேலையிடத்துத் தவறுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. நான்கு எடுத்துக்காட்டுகள்:

1. தேதி. 15-08-2025 என்று தெரியும் செல்லுக்குள் இருப்பது 45884 என்ற எண். 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து எக்செல் நாள்களை எண்ணிக்கொண்டு வருகிறது. அதனால்தான் இரண்டு தேதிகளைக் கழித்தால் நாள் கணக்கு கிடைக்கிறது. அதே தேதி எழுத்தாக உள்ளே போயிருந்தால், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். கழித்தால் பிழை வரும், அல்லது வரிசைப்படுத்தும்போது தாறுமாறாகப் போகும்.

2. நீண்ட எண்கள். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே தட்டினால் கடைசி இலக்கம் சுழியமாகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. எண் சுழியத்தில் தொடங்கினால் அந்தச் சுழியம் காணாமல் போகும். 12 இலக்க ஆதார் எண், பொது வடிவமைப்பில் உள்ள செல்லில் புள்ளியும் அடுக்குமாக உருமாறித் தெரியும். கூட்டிக் கழிக்கத் தேவையில்லாத எண்களை எழுத்தாகவே வைக்க வேண்டும்; தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட வேண்டும்.

3. தேதியாக மாறும் பில் எண். நாள்-மாதம் என்ற தேதி அமைப்பு உள்ள கணினியில் ‘5-10’ என்ற பில் எண்ணைத் தட்டினால் அது அக்டோபர் 5 ஆகிவிடும். உலகம் முழுக்க மரபணு ஆய்வாளர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். ‘மார்ச்1’, ‘செப்ட்1’ போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயர் சூட்டும் குழு 2020-ல் அந்தக் குறியீடுகளையே மாற்றிக்கொண்டது. மென்பொருளைத் திருத்துவதைவிட மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது சுலபம் என்று முடிவானது.

4. ரவுண்டிங். இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தத்தில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், ஒவ்வொருவருக்கும் அடுத்த முழு ரூபாய்க்கு ஏற்றிக் கணக்கிட வேண்டும். 13,500 ரூபாய் சம்பளத்துக்கு 101.25 வருகிறது; கட்ட வேண்டியது 102. பைசா தெரியாதபடி செல்லை வடிவமைத்து மட்டும் வைத்தால் திரையில் 101 என்று நிற்கும், உள்ளே 101.25 இருக்கும். முந்நூறு பேர் வேலை செய்யும் மில்லில் இந்த ஷீட்டின் மொத்தமும் சலான் தொகையும் எந்த மாதமும் ஒத்துப்போகாது. ‘ரவுண்ட்அப்’ ஃபார்முலா போட்டால் தீர்ந்துவிடும். ஆனால் எதற்காக அதைப் போட வேண்டும் என்பது, பிடித்தத்தின் விதி தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

நான்காவது எடுத்துக்காட்டு இன்னொன்றையும் காட்டுகிறது. எக்செல் திறமை தனியாக நிற்பதில்லை. சம்பளக் கணக்கு, ஜிஎஸ்டி, ஸ்டோர்ஸ், ஏற்றுமதி என ஏதாவது ஒரு தொழிலோடு ஒட்டிக்கொண்டால்தான் அதற்கு விலை. ‘எக்செல் மட்டும் தெரியும்’ என்பவருக்கென்று இருக்கும் நாற்காலிகள் மிகக் குறைவு.

ஒரு வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம்: 14-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் நடுவில்

அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலையில் எக்செல் எங்கே வருகிறது என்று கேட்டால், எடுத்தவுடன் சொல்ல வேண்டியது ஜிஎஸ்டிஆர்-2பி ஒப்பீடு. சப்ளையர்கள் நம் பெயரில் காட்டிய பில்களின் மாதப் பட்டியல்தான் 2பி.

பின்னணி சுருக்கமாக இது. ஒரு கடைக்காரர் ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு வாங்குகிறார். 18 சதவீத வரி என்றால் 18,000 ரூபாயைச் சப்ளையரிடம் சேர்த்துக் கொடுக்கிறார். விற்கும்போது வாடிக்கையாளரிடம் வாங்கும் வரியிலிருந்து அந்த 18,000-ஐக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் அரசுக்குக் கட்டுவார். இந்தக் கழிவுதான் உள்ளீட்டு வரி வரவு. ஆபீசில் ‘ஐடிசி’ என்பார்கள். 2022 ஜனவரி 1 முதல், சப்ளையர் அந்தப் பில்லைத் தன் கணக்கில் காட்டி, அது வாங்கியவரின் 2பி-யில் வந்தால்தான் வரவு. சப்ளையர் மறந்தால் நட்டம் வாங்கியவருக்கு. 2பி அறிக்கை மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் வரும். மாதாமாதம் தாக்கல் செய்பவர் 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற வரிக் கணக்கைப் போட்டாக வேண்டும். நடுவே உள்ள ஆறு நாளில், கடையின் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் பில் பில்லாக ஒப்பிட வேண்டும். ஐம்பது கட்சிக்காரர்களை வைத்திருக்கும் ஆடிட்டர் ஆபீசில் அந்த வாரம் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வேலை நடக்கும் வரிசை:

1. டேலியிலிருந்து கொள்முதல் பதிவேட்டையும், போர்ட்டலிலிருந்து 2பி-யையும் எடுத்து ஒரே கோப்பில் இரண்டு ஷீட்டாக வைப்பது. மூலப் பட்டியலில் கை வைக்காமல், நகல் எடுத்து வேலை செய்வது. இந்தப் பழக்கம் இல்லாதவரை அனுபவசாலிகள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

2. சுத்தம் செய்வது. பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இடைவெளிகளை ‘டிரிம்’ எடுத்துவிடும். எழுத்தாகப் போயிருக்கும் தொகைகளை எண்ணாக மாற்ற வேண்டும். தேதியை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

3. பொருத்துவதற்கு ஒரு சாவி உருவாக்குவது. கம்பெனிப் பெயரை நம்ப முடியாது. ஒரே கடை ஒரு பட்டியலில் ‘ஸ்ரீ முருகன் டிரேடர்ஸ்’, இன்னொன்றில் ‘எஸ்.எம். டிரேடர்ஸ்’ என்று இருக்கும். ஜிஎஸ்டி எண் அப்படி மாறாது. அது 15 எழுத்து: முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34), அடுத்த பத்து பான் எண். இந்த 15-ஐயும் பில் எண்ணையும் ஒட்டினால் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு தனி அடையாளம் கிடைக்கும்.

4. தேடுவது. ஒரு பட்டியலின் சாவியை மற்றதில் தேட ‘விலுக்கப்’ அல்லது ‘எக்ஸ்லுக்கப்’. விலுக்கப்பில் இரண்டு பொறி உண்டு. கடைசி இடத்தில் ‘ஃபால்ஸ்’ போடாவிட்டால், சரியாகப் பொருந்துவதற்குப் பதில் கிட்டத்தட்ட இருப்பதை எடுத்துத் தந்துவிடும்; பதில் நம்பும்படியே இருக்கும், தவறாக இருக்கும். இரண்டாவது, ஒரே பில்லில் 5 சதவீதச் சரக்கும் 18 சதவீதச் சரக்கும் இரண்டு வரியாகப் பதிவாகியிருந்தால், முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடும். அங்கே ‘சம்இஃப்ஸ்’ போட்டு இரண்டையும் கூட்டி எடுப்பதுதான் பாதுகாப்பு.

5. பிரிப்பது. முடிவுகள் நான்கு குவியலாக விழும்: இரண்டிலும் இருந்து தொகையும் ஒத்தவை, இரண்டிலும் இருந்து தொகை மாறுபடுபவை, நம் பதிவேட்டில் மட்டும் இருப்பவை, 2பி-யில் மட்டும் இருப்பவை. கடைசிக் குவியலில் நம் ஆள் பதியாமல் விட்ட பில்லும் இருக்கலாம், வேறு யாருக்கோ போட வேண்டிய பில்லை நம் எண்ணில் ஏற்றியதும் இருக்கலாம்.

6. சப்ளையர் வாரியாகத் தொகுப்பது. இங்கேதான் பைவட் டேபிள். ஆயிரம் வரிப் பட்டியலை ‘எந்தச் சப்ளையர், எத்தனை பில், எவ்வளவு வரி விட்டுப்போயிருக்கிறது’ என்று அரைப் பக்கத்துக்குச் சுருக்கித் தரும். அதைப் பார்த்துத்தான் யாருக்கு முதலில் போன் போடுவது என்று முடிவாகும்.

7. சரிபார்ப்பது. நான்கு குவியலையும் கூட்டினால், தொடங்கிய பதிவேட்டின் மொத்தமும் 2பி-யின் மொத்தமும் திரும்பக் கிடைக்க வேண்டும். பைசா பிசகினாலும் எங்கோ ஒரு வரி நழுவியிருக்கிறது.

“இதையெல்லாம் டேலியே செய்துவிடுமே” என்று கேட்கலாம். டேலிபிரைமின் புதிய பதிப்புகளில் 2பி ஒப்பீடு இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் போர்ட்டலிலேயே பில்களை ஏற்கவும் மறுக்கவும் தனி வசதி வந்திருக்கிறது. சுலபமாகப் பொருந்துபவற்றை அவை பொருத்திவிடும். பொருந்தாமல் மிஞ்சும் பில்கள் கடைசியில் எக்செல்லுக்குத்தான் வந்து சேரும். ஆள் தேவைப்படுவதும் அவற்றுக்குத்தான்.

இந்த ஏழு படிகளில் வந்த ஃபார்முலாக்களைக் கணக்கெடுத்தால் அரை டஜன் தேறினால் அதிகம். மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) இல்லை, அதை எழுதும் மொழியான விபிஏ இல்லை, வண்ண வண்ண டேஷ்போர்டு இல்லை. எக்செல்லில் நானூற்றுக்கும் மேற்பட்ட ஃபார்முலாக்கள் இருக்கின்றன என்று பயமுறுத்தும் விளம்பரங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு சரிபார்ப்பு?

பெரிய இடங்களிலும் இது சறுக்கியிருக்கிறது. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்று விவரங்கள் அன்றாடக் கணக்கில் ஏறாமல் போயின. ஆய்வகங்களிலிருந்து வந்த விவரங்களைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் ஏற்றியிருந்தார்கள். அந்த வடிவம் தாங்குவது 65,536 வரிசைகள்தான். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் வெட்டுப்பட்டன. எக்செல் 2007-உடன் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவம் 10,48,576 வரிசைகள் வரை தாங்கும். இன்னொன்று பொருளாதாரத்தில் நடந்தது. கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரு பொருளாதார நிபுணர்கள் 2010-ல் நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி எழுதிய கட்டுரை, பல நாட்டு அரசியல்வாதிகளின் கையில் சிக்கன நடவடிக்கைக்கு ஆதாரமாக இருந்தது. 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர் அவர்களின் எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தபோது, சராசரி எடுக்கும் ஃபார்முலாவில் ஐந்து நாடுகள் விட்டுப்போயிருந்தது தெரிந்தது. தேர்ந்தெடுத்த வரிசைகள் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டன, அவ்வளவுதான். கட்டுரைமீது வேறு விமர்சனங்களும் உண்டு. ஆனால் ஊர் முழுக்கப் பேசப்பட்டது இந்த ஒரு செல் விவகாரம்.

எந்த நாற்காலிக்கு எவ்வளவு?

‘பேசிக்’, ‘அட்வான்ஸ்டு’ என்று விளம்பரத்தில் போடுவதற்கு எந்த அமைப்பும் எல்லை வகுத்து வைக்கவில்லை. ஒரு கம்பெனிக்கு விலுக்கப் போட்டாலே அட்வான்ஸ்டு. இன்னொன்றுக்கு பவர் குவெரி (கோப்புகளை எடுத்துச் சுத்தம் செய்யும் எக்செல் வசதி) தெரியாவிட்டால் பேசிக். ஆகவே வேலையின் பெயரைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

*தட்டச்சர், ஃபிரன்ட் ஆபீஸ்.* இங்கே எடை வேர்டு பக்கம். கடித வடிவம், அட்டவணை, பக்க எண், ஒரே கடிதத்தை முந்நூறு பேருக்குப் பெயர் மாற்றி அனுப்பும் மெயில் மெர்ஜ். தமிழில் தட்டச்சு செய்பவர் யூனிகோடில் பழகியிருப்பது அவசியம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயர்ப் பட்டியல், உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அதில் தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. ஆனாலும் பழைய கோப்புகள் இன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

*ஸ்டோர்ஸ், சம்பளப் பிரிவு.* தினசரி வரவு செலவு, இருப்பு, வருகைப் பதிவு. ‘சம்இஃப்ஸ்’, ‘கவுண்ட்இஃப்ஸ்’, ‘இஃப்’, தேதிக் கணக்கு ஆகியவற்றோடு, தவறான பதிவு உள்ளே நுழையாமல் தடுக்கும் டேட்டா வேலிடேஷன். இந்தக் கடைசி வசதியைச் சென்டர்களில் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். ஷிஃப்ட் பெயரைப் பட்டியலிலிருந்து மட்டுமே தேர்ந்தெடுக்கும்படி வைத்துவிட்டால், மாதக் கடைசியில் ‘நைட்’, ‘நைட் ’, ‘என்.’ என்று மூன்று விதமாக எழுதியதைத் திருத்திக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

*மெர்ச்சண்டைசர்.* திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதியில் இந்த வேலைக்கு ஆங்கில மின்னஞ்சலும் எக்செல்லும் இரண்டு கை. கப்பல் ஏறும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், பேக்கிங் ஒவ்வொன்றுக்கும் கெடு வைக்கும் ‘டி அண்ட் ஏ’ (டைம் அண்ட் ஆக்‌ஷன்) அட்டவணை எக்செல்லில்தான் ஓடுகிறது. துணித் தேவையும் அங்கேதான். டி-ஷர்ட்டின் உடல் நீளம் 72 செ.மீ., கை நீளம் 22, தையல் மடிப்புக்கு 10. மார்பு அகலம் 52, அதற்குக் கூடுதல் 3. துணி சதுர மீட்டருக்கு 160 கிராம் என்று வைத்துக்கொள்வோம். (72+22+10) × (52+3) × 2 × 160 ÷ 10,000 போட்டால் ஒரு பீசுக்குச் சுமார் 183 கிராம். பத்தாயிரம் பீஸ் ஆர்டருக்கு 1,830 கிலோ, சேதாரம் தனி. ஒரு செல்லில் பத்து கிராம் பிசகினால் நூறு கிலோ துணி கூடும் அல்லது குறையும். குறைந்தால் அதே ஷேடில் மறுபடி சாயம் போட்டு வாங்குவது என்ன பாடு என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

*எம்ஐஎஸ் (மேலாண்மைத் தகவல்) எக்ஸிகியூட்டிவ்.* எக்செல் மட்டுமே முழுநேர வேலையாக இருக்கும் ஒரே நாற்காலி இது எனலாம். பத்துக் கிளைகளிலிருந்து வரும் கோப்புகளை ஒன்றாக்கி, தினமும் காலை மேலாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பவர் குவெரி, பைவட், சார்ட், கொஞ்சம் மேக்ரோ எல்லாம் இங்கே தேவைப்படும். இங்கிருந்து பவர் பிஐ, எஸ்கியூஎல் போன்ற தரவுக் கருவிகள் பக்கம் நகர்பவர்களும் உண்டு.

எந்த வரிசையில் கற்பது?

1. செல், முகவரி, ஃபார்முலாவை இழுத்து நகலெடுப்பது, டாலர் குறி போட்டு முகவரியைப் பூட்டுவது. டாலர் குறி புரியாதவர் அதற்கு மேல் எதைக் கற்றாலும் ஆட்டம் காணும்.
2. எண், எழுத்து, தேதி வேறுபாடு. சுத்தம் செய்யும் ஃபார்முலாக்கள். ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’.
3. வரிசைப்படுத்தல், ஃபில்டர், ஒரே பதிவு இருமுறை வந்திருப்பதைக் கண்டுபிடித்தல்.
4. ‘இஃப்’, ‘சம்இஃப்ஸ்’, ‘கவுண்ட்இஃப்ஸ்’.
5. விலுக்கப், எக்ஸ்லுக்கப்.
6. பைவட் டேபிள்.
7. பவர் குவெரி. மேக்ரோவுக்கு முன்னால் இதைக் கற்பதுதான் புத்திசாலித்தனம். மாதாமாதம் ஒரே மாதிரி வரும் கோப்பைச் சுத்தம் செய்யும் படிகளை ஒருமுறை பதிந்துவைத்தால், அடுத்த மாதம் ‘ரிஃப்ரெஷ்’ ஒன்று போதும்.

முதல் ஆறும் வந்துவிட்டால் மேலே சொன்ன பெரும்பாலான நாற்காலிகளுக்கு விண்ணப்பிக்கலாம். பயிற்சிக்குக் கற்பனை மாணவர் பட்டியல் வேண்டாம். உங்கள் வங்கிக் கணக்கின் ஓராண்டு அறிக்கையை இறக்கி, எந்தக் கடைக்கு எவ்வளவு போனது என்று பிரித்துப் பாருங்கள். யுபிஐ விவரம் ஒரே செல்லில் சாய்கோடுகளோடு குழம்பிக் கிடக்கும். அதிலிருந்து பெயரை உருவியெடுப்பது நல்ல பாடம். மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் மாவட்டவாரியான பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாவட்டப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு பட்டியலுக்கு ஒரு விதமாக இருக்கும். தூத்துக்குடி ஒன்றே போதும், அரை நாள் வேலை கொடுக்கும்.

சான்றிதழ் குழப்பம்

தனியார் சென்டர் சான்றிதழுக்குத் தனியார் வேலையில் தனியான எடை ஏதுமில்லை. சோதனைக் கோப்புதான் தீர்மானிக்கும். அரசு வேலைக்குக் கதை வேறு. தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் ‘கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்’ தேர்வு, டிஎன்பிஎஸ்சி குரூப் 4 வழி தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பணிக்குப் போகிறவர்களுக்கு வேண்டிய தகுதி. இதற்குப் பதிலாக எந்த டிசிஏ சான்றிதழைக் காட்டினாலும் செல்லாது. மத்திய அரசின் நைலிட் நடத்தும் சிசிசி, 80 மணி நேர அடிப்படைக் கணினிப் படிப்பு; அதில் லிப்ரேஆபீஸ் என்ற இலவச மென்பொருளைத்தான் சொல்லித்தருகிறார்கள். மைக்ரோசாஃப்டின் எம்ஓஎஸ் தேர்வு பன்னாட்டு அளவில் தெரிந்த ஒன்று; வெளிநாட்டு வேலை தேடுபவருக்கு உதவலாம், உள்ளூர் மில்லில் அதைக் கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் நான் முதல்வன் திட்டத்தின் வழியாக ஆபீஸ் மென்பொருள் ஒரு பாடமாகவே வந்திருக்கிறது. அதை மதிப்பெண்ணுக்காக ஒப்பேற்றிவிட்டு, பிறகு காசு கொடுத்து அதையே வெளியே படிப்பவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடம் படித்தவர்கள் ஓபன்ஆபீஸ் கால்கில் கற்றிருப்பார்கள். “அது எக்செல் இல்லையே” என்று தயங்க வேண்டாம். செல், ஃபார்முலா, ஃபில்டர் எல்லாம் அப்படியே பொருந்தும். கூகுள் ஷீட்சுக்கும் இதே கதைதான். கவனிக்க வேண்டியது பதிப்பு வேறுபாடு. எக்ஸ்லுக்கப் மைக்ரோசாஃப்ட் 365-லும் எக்செல் 2021-லும் உண்டு. 2016, 2019 பதிப்புகளில் இல்லை. பல சின்ன ஆபீஸ்களில் ஓடுவது இன்னும் 2016-க்கும் முந்தையதுதான். வீட்டில் எக்ஸ்லுக்கப் மட்டும் பழகிவிட்டுப் போனால் சோதனை நாளன்று அந்தப் பெயரையே எக்செல் அடையாளம் காணாது. விலுக்கப்பையும் கையில் வைத்திருங்கள்.

ஏஐ வந்த பிறகும் இது தேவையா?

ஃபார்முலாவை நினைவில் வைத்திருப்பதன் மதிப்பு குறைந்துவிட்டது. தேவையைத் தமிழிலேயே சொன்னாலும் சாட்ஜிபிடியோ கோபைலட்டோ ஃபார்முலா எழுதித் தருகிறது. காகிதத்தைப் பார்த்துத் தட்டும் வெறும் டேட்டா என்ட்ரி வேலையை நம்பி இருபது வயதில் ஒருவர் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் ஒரே பில்லில் இரண்டு வரி விகிதம் இருக்கிறது என்பதைக் கேள்வியில் சொல்லாவிட்டால், ஏஐ தரும் ஃபார்முலாவும் முதல் வரியோடு நின்றுவிடக்கூடும். தரவில் அப்படி ஒன்று இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கட்சிக்காரரின் பில் பட்டியலையோ தொழிலாளர்களின் ஆதார், வங்கி விவரங்களையோ அப்படியே பொதுவான ஏஐ சேவையில் ஏற்றக் கூடாது. பெயரும் எண்ணும் மாற்றிய ஐந்து வரி மாதிரியைக் கொடுத்து ஃபார்முலாவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

விண்ணப்பத்திலும் சோதனையிலும்

‘எம்எஸ் ஆபீஸ்’ என்ற ஒற்றைச் சொல்லை எழுதுவதைவிட, செய்த வேலையை எழுதுங்கள்: “ஓராண்டு வங்கி அறிக்கையைப் பவர் குவெரியில் சுத்தம் செய்து, பைவட் மூலம் மாதவாரிச் செலவுத் தொகுப்பு தயாரித்தேன்”. படிப்பவருக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியும்.

சோதனைக் கோப்பு கைக்கு வந்ததும் ஃபார்முலா போடத் துடிக்காமல், முதலில் எத்தனை வரிசை, மொத்தம் எவ்வளவு என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஃபில்டரைத் திறந்து ஒவ்வொரு நெடுவரிசையிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேண்டுமென்றே வைத்த இடைவெளிகளும் எழுத்தாகப் போன எண்களும் அங்கேயே தெரிந்துவிடும். நேரம் போதாமல் பாதியில் நின்றாலும் பரவாயில்லை. பொருந்தாமல் போன பில்களைத் தனி ஷீட்டில் காரணத்தோடு எழுதி வையுங்கள். கேட்பவர் உங்கள் ஃபார்முலாவை விட்டுவிட்டு அந்தப் பில்களைப் பற்றித்தான் பேச்சைத் தொடங்குவார்.